சௌந்தரம் அக்காவின் இறங்காத கோடு

1. தராசில் ஏறிய முதல் ஆள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டாக்டர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, அந்தத் தராசுல கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்றார்.

அந்தக் காலத்து மலாயாவில் நர்ஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நோயாளியானாலும் டாக்டரானாலும் வாசலில் ஐஸ் விற்கிறவரானாலும் எங்களுக்கு ஒரே பெயர், மிஸ்ஸி. என் அப்பா எனக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார். அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது.

ஏறி நின்றேன். முள் சடசடவென்று ஓடி நூற்றுத் தொண்ணூறு பவுண்டுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கியது. டாக்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"தராசு நல்லா வேலை செய்யுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்படியே இருந்தீங்கன்னா நீங்க அம்பது வயசைத் தாண்ட மாட்டீங்க, தெரியுமா?" என்றார்.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு. இதைச் சொல்லிவிட்டு மேலே போவதில் எனக்கு ஒரு திருப்தி.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. மலாக்காவில், காஜா பேராங் சாலையில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் கிளினிக் இருந்தது. டாக்டர் முப்பது வயதைத் தாண்டாதவர். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கெட்டிக்காரர், ஏழைகளிடம் காசு கேட்கக் கூச்சப்படுகிறவர். பெண்களிடம் அதைவிடக் கூச்சம். நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அதற்குமேல் எதையாவது பார்க்க வேண்டும் என்றால் அவருக்கே வியர்த்துவிடும்.

இப்படிப்பட்டவருக்குப் பிடித்த பாடம் என்ன தெரியுமா? பருமனான பெண்களை ஆபரேஷன் செய்து இளைக்க வைப்பது.

ஆபரேஷனை அவர் செய்யவில்லை. சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார சர்ஜன் செய்தார். வெளிநாட்டிலேயே அப்போதுதான் ஒன்றிரண்டு பேர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுகுடலில் நீளமான ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல் நுனியைக் கடைசி நுனிக்குப் பக்கத்தில் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு உடம்பில் தங்க நேரமில்லாமல் குறுக்கு வழியில் போய்விடும். ஆள் இளைப்பார். எங்கள் டாக்டர் மூன்று பெண்களை அனுப்பி வைத்திருந்தார். அவர்கள் ஊர் திரும்பியதும் மாதாமாதம் எடை பார்ப்பது எங்கள் வேலை.

சர்ஜனுக்கு ஒரு கேள்வி இருந்தது. பத்து வருஷம் கழித்து இந்தப் பெண்களில் யார் சுகமாக இருப்பார், யார் பழையபடி ஆவார், யார் படுத்துவிடுவார்? முன்கூட்டியே சொல்ல வழி உண்டா? அந்த வழியைத் தான் கண்டுபிடித்து, மலாக்கா டாக்டர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் படிக்கப்போவதாக எங்கள் டாக்டர் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

2. சிவப்புப் பென்சில்

சுவரில் ஒரு கிராஃப் தாள். அதில் மூன்று கோடுகள். மூவாரிலிருந்து வந்த டீச்சருக்குப் பச்சை, சிரம்பான் அம்மாவுக்கு நீலம். இரண்டும் மாடிப்படி மாதிரி ஒழுங்காக இறங்கின. மூன்றாவது சிவப்பு. அது முதல் நாலு மாதம் இறங்கியது. பிறகு ஒரு நாள் "இனி முடியாது" என்று உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்கோடு.

சிவப்புக் கோட்டின் சொந்தக்காரர் சௌந்தரம் அக்கா. எங்கள் கிளினிக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அரிசிக்கடைத் தவுக்கேயின் மனைவி. தவுக்கே என்றால் முதலாளி. அந்த முதலாளி ஒல்லியாக, அக்காவின் நிழலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பார். அக்காவுக்கு முட்டிவலி. படி ஏற முடியாது, கோயிலைச் சுற்றி வர முடியாது. அதற்காகத்தான் ஆபரேஷனுக்குத் துணிந்தார். ஊரில் யாருக்கும் அது தெரியாது. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை டிரைஷா என்ற மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்குவார். முழங்கைக்குக் கீழே வரும் நீளக்கை ரவிக்கை, தோளைச் சுற்றி ஒரு துண்டு, கன்னத்தில் எப்போதும் ஒரு கவளம் வெற்றிலை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியின் கோழிகள் வாசலில் மேய்ந்துகொண்டிருக்கும். அக்கா இறங்கினால் போதும், அத்தனையும் அவர் பின்னாலேயே வரும்.

"கோழிங்களுக்கு என்மேல ஒரு பாசம் மிஸ்ஸி" என்பார் அக்கா.

நானும் நம்பினேன். நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். கஞ்சி போட்ட புடவை என்று நினைத்துக்கொண்டேன்.

உடுத்திய துணியோடுதான் எடை பார்ப்போம். துணிக்கு மூன்று பவுண்டு கழித்துக்கொள்வது டாக்டர் வகுத்த கணக்கு. அவர் அடுத்த அறையில் இருந்தபடி "என்ன வருது?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் பெருமூச்சு விடுவார்.

"அக்கா, சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"டாக்டர் சொன்ன மாதிரிதான் மிஸ்ஸி. காலையில பசியாற ஒரு ரொட்டி. மத்தியானம் அரைக் கோப்பை சோறு. ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணி. சத்தியமா."

"முட்டிவலி?"

"அது எங்க போகும்? கூடிப்போச்சு லா."

நான் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. குண்டானவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் எப்படிச் சத்தியம் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன், வாயில் கறிபாப் பலகாரத்தை வைத்துக்கொண்டு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. டாக்டரிடம் சொன்னேன். "டாக்டர், அவங்க மூஞ்சி மட்டும் சின்னதாயிட்டே வருது. கீழ அப்படியே இருக்கு."

டாக்டர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "கொழுப்பு மேலேருந்து கீழ இறங்குது மிஸ்ஸி. இதை இதுக்கு முன்னால யாருமே கவனிக்கல" என்று சொல்லி, கண்கள் மின்ன எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் முடிவுக்கு வந்துவிட்டார். கடையில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் பெண்களுக்கு இந்த ஆபரேஷன் எடுபடாது, பத்து வருஷத்தில் பழைய எடைக்கு மேலேயே போய்விடுவார்கள். கூட்டத்தில் படிக்கக் கட்டுரை தயார். சௌந்தரம் அக்காவுக்கோ காலை ரொட்டியும் நிறுத்தப்பட்டது. அது மட்டுமில்லை.

"இன்னும் கொஞ்சம் குடலை ஒதுக்கினாத்தான் சரியாகும்மா. சிங்கப்பூருக்கு எழுதிடறேன்" என்றார், அக்காவின் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா உடனே தலையாட்டினார். "தை பொறக்கட்டும் டாக்டர். மவ கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

இவ்வளவு சுலபமாக இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்ட நோயாளியை நான் பார்த்ததே இல்லை.

3. கோழிகள் உள்ளே வந்த வெள்ளிக்கிழமை

மார்கழி மாதம் என்று பெயர்தான். மலாக்காவில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா தராசில் ஏறினார். கம்பியைப் பிடித்தார். உதடு வெளுத்துப்போனது.

"மிஸ்ஸி, கண்ணைக் கட்டுது" என்றார். அப்படியே என்மேல் சாய்ந்தார்.

ஒல்லியான நர்ஸாக இருந்திருந்தால் இருவரும் தரையில் கிடந்திருப்போம். நான் அசையவில்லை. என் எடையால் ஒரு உயிர் தப்பியதை டாக்டர் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

அவரைப் பெஞ்சில் கிடத்தும்போது எங்கோ படக்கென்று தையல் விட்டது. அடுத்து ஒரு சத்தம். புடவைக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று ஏதோ கொட்ட ஆரம்பித்தது. நின்றபாடில்லை. நான் படித்த நர்சிங் புத்தகத்தில் எந்த வியாதிக்கும் இப்படி ஒரு அறிகுறி போட்டிருக்கவில்லை. குனிந்து எடுத்துப் பார்த்தேன். அரிசி.

கோழிகள் என்னைக் கேட்காமலேயே உள்ளே வந்துவிட்டன.

திரையை இழுத்துவிட்டுப் புடவையைத் தளர்த்தினேன். இடுப்பைச் சுற்றி ஒரு நீளப்பை. வயிற்றில் ஒன்று. முதுகில் ஒன்று. தோள்பட்டை இரண்டிலும் சின்னப் பைகள். எல்லாம் கடைச்சாக்குத் துணியில் தைத்தவை. வயிற்றுப் பையில் "சயாம் அரிசி, முதல் தரம்" என்ற சிவப்பு முத்திரைகூட அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே வைத்தேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கடைசிப் பையை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே இருந்தது எலும்பும் தோலுமான ஒரு பெண். விலா எலும்பை எண்ணலாம். தலையில் முடி பாதிக்குமேல் கொட்டி, மிச்சத்தில் சவுரி தொங்கியது. சாப்பாட்டு விஷயத்தில் அவர் செய்த சத்தியம் அத்தனையும் உண்மை. கோடு இறங்கவில்லையே என்று நாங்கள் அவர் சோற்றைப் பிடுங்கிக்கொண்டே வந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கோழிகளை விரட்டினேன். அவை போனபாடில்லை.

"டாக்டர்!" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். தரையைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார்.

"இது என்னா மிஸ்ஸி?"

"இதுதான் டாக்டர் உங்க இறங்காத கோடு."

அன்றைக்கு முதல் முறையாக அவர் கூச்சத்தை மறந்தார். காதில் ஸ்டெத்தை மாட்டி, வயிற்றை அழுத்தி, காலைத் தட்டி, ஒரு டாக்டர் செய்ய வேண்டிய அத்தனையும் செய்தார். டிரிப் ஏற்றச் சொன்னார். அக்கா கண் திறந்ததும் என் ஃபிளாஸ்கில் இருந்த கோழி சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். என் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்தது. தியாகம் என்றால் அதுதான்.

"ஏன்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"இளைக்க ஆரம்பிச்ச உடனே ஊரு வாயைத் தொறந்துச்சு டாக்டர். 'ஐயோ இளைச்சிட்டியே, என்ன சீக்கு?'ன்னு தினமும் நாலு பேரு. கடையில வியாபாரம் படுத்துடுச்சு, பொண்டாட்டிக்கே சோறு இல்லன்னு வேற பேச்சு. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். மவளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். அவங்க காதுல சயரோகம்னு ஒரு வார்த்தை விழுந்தா முடிஞ்சுது. உண்மையில நடந்த ஆபரேஷனைச் சொன்னா, குடலை வெட்டுற அளவுக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க. அதான் கல்யாணம் வரைக்கும் பழைய சௌந்தரமாவே இருந்துடலாம்னு…"

"அதுக்கு அரிசியா?"

"முதல்ல பஞ்சு வெச்சேன். உக்காந்தா அமுங்குது, எழுந்தா ஒரு பக்கமா உப்புது. அரிசிதான் டாக்டர் சதை மாதிரியே ஆடுது."

"தராசுல ஏறும்போதாவது கழட்டி வெச்சிருக்கலாமே!"

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "டிரைஷாக்காரன் கொண்டாந்து விடும்போது குண்டா வந்துட்டு, திரும்பும்போது ஒல்லியாப் போறதா? அவன் பத்து பெரெண்டாம் ஊரு வரைக்கும் சொல்லிட்டு வந்துடுவான்."

இளைக்க இளைக்க அரிசியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். நாலாம் மாதத்தில் போட்டிருந்த ரவிக்கை இறுகப் பிடிக்கிற வரைக்கும் பையை நிரப்புவது அவர் கணக்கு. அதனால்தான் சிவப்புக் கோடு அவ்வளவு ஒழுங்கு. அன்றைக்கு அவர் சுமந்து வந்தது நாற்பது காத்தி, ஐம்பது பவுண்டுக்கும் மேலே. கடையில் ஒரு குடும்பம் இரண்டு வாரத்துக்கு வாங்கிப்போகும் அரிசி. முட்டிவலி ஏன் கூடியது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு கிராஃப் தாளுக்கு முன்னால் நின்றார். அக்காவின் உண்மையான எடையைக் குறிக்கத் தாளில் இடம் இல்லை. தாளுக்குக் கீழே, சுவரில் ஒரு புள்ளி வைத்தார். வெள்ளையடிக்கும் வரை அது அங்கேயே இருந்தது.

4. குடைக்குள் வந்த சம்பந்தி

டிரிப் இறங்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் சாயங்காலத்துக்குப் போய்விட்டேன்.

வாசலில் ஒரு குடை வந்து நின்றது. மழை இல்லை. குடைக்குக் கீழே முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒரு பெரிய உருவம். என்னைவிடப் பெரியது. எனக்கு அந்தப் பெண்மணியைப் பார்த்த உடனே ஒரு நிம்மதி வந்தது.

"இங்கதானே பொம்பளைங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பி இளைக்க வைக்கிறாங்களாம்?" என்று கிசுகிசுத்தபடி உள்ளே வந்தவர், காலுக்குக் கீழே நெறுநெறுவென்று அரிசி மிதிபடவும் நின்றார். "என்னா இது? டாக்டர் அரிசி வியாபாரமும் பாக்குறாரா?"

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் அலறியது. "ஐயோ, சம்பந்தி!"

புக்கிட் பாருவில் இருந்த கோமதி அம்மாள், மாப்பிள்ளையின் அம்மா. திரையை விலக்கிப் பார்த்தே விட்டார். நான் குறுக்கே பாய்ந்தேன்தான், ஆனால் அந்த உடம்பை மறிக்க நான் ஒருத்தி போதாது. பெஞ்சில் கிடந்த அக்காவையும் பக்கத்தில் அடுக்கியிருந்த பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோழிகள் அவர் காலடியில் கொத்திக்கொண்டிருந்தன.

அக்கா எதையும் மறைக்கவில்லை. அழுதுகொண்டே முழுக்கச் சொல்லிவிட்டார். "இனி உங்க இஷ்டம். எம் பொண்ணுமேல ஒரு குத்தமும் இல்ல. அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஊசி குத்திய கை. டிரிப் பாட்டில் ஆடியது.

கோமதி அம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினார். "சயரோகம் இல்லையே?"

"இல்லைம்மா. நெஞ்சு எக்ஸ்ரே இருக்கு. சுத்தமா இருக்கு."

"சத்தியமா?"

"படிச்ச படிப்புமேல சத்தியம்."

கோமதி அம்மாள் பெஞ்சில் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பெஞ்சின் மறுமுனை எழும்பியது. நான் ஓடிப்போய் அந்த முனையில் உட்கார்ந்து சமன் செய்தேன்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கோபத்தோடு. "உங்களைப் பாத்துப் பாத்துத்தானே நான் தைரியமா இருந்தேன். பொண்ணோட அம்மா என்னைவிடப் பெரிசா இருக்காங்க, மணவறையில நான் ஒண்ணும் பெரிசாத் தெரிய மாட்டேன்னு. இங்க பாத்தா நீங்க கள்ளத்தனமா இளைச்சிட்டு அரிசியைக் கட்டிக்கிட்டுத் திரியறீங்க!"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சம்பந்தி… நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

கோமதி அம்மாள் குடையை மடக்குவதில் மும்முரமானார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆபரேஷன் வலிக்குமா, தழும்பு எவ்வளவு, ரொம்ப சூசாவா, கஷ்டமா என்று சம்பந்தி கேட்டார். கஷ்டம்தான் என்பதை அக்கா விலாவாரியாகச் சொன்னார். முடி கொட்டுவது, காலில் குரக்கு இழுப்பது, இருட்டினால் கண் மங்குவது. எதற்கும் சம்பந்தி அசையவில்லை.

"சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள கொல்லைப்பக்கம் ஓடணும்" என்றார் அக்கா. "ஒரு பந்தியிலகூடப் பாயசம் வர்ற வரைக்கும் என்னால உக்கார முடியல."

"பாயசம் வரைக்குமா?"

"அப்பளத்தோடயே எழுந்துடணும்."

கோமதி அம்மாள் எழுந்து குடையை விரித்தார். "டாக்டர், நான் வந்ததையே மறந்துடுங்க."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னதுதான் முக்கியம். "சம்பந்தி, கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க வாய் பொல்லாதவங்க. தாலி ஏறுற வரைக்கும் அரிசி இருக்கட்டும்."

5. டாக்டர் தந்த நூல்

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது காத்தியைச் சுமந்தால் மணவறையிலேயே விழுந்துவிடுவார் என்றார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கல்யாணம் வரை அக்கா தினமும் முட்டையும் மீனும் வாழைப்பழமும் சாப்பிட வேண்டும், உப்பும் மருந்தும் கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும். முன்னால் பஞ்சு. இடுப்பில் மட்டும், நடக்கும்போது ஆடுவதற்காக, கொஞ்சம் அரிசி. கல்யாணம் முடிந்த கையோடு சிங்கப்பூர். இன்னும் வெட்டுவதற்கு இல்லை, ஒதுக்கிய குடலைத் திரும்பச் சேர்ப்பதற்கு.

பையைத் தைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிளினிக்கில் உட்கார்ந்து தைத்தேன். சாக்குத்துணியில் சாதா நூல் பட்பட்டென்று அறுந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தவர், கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு டியூபை எடுத்து வந்தார்.

"கேட்கட் போடுங்க மிஸ்ஸி. மனுஷன் வயித்தையே தைக்கிற நூல். பத்து நாளைக்கு அசையாது, நான் பொறுப்பு."

கேட்கட் என்பது ஆட்டுக்குடலில் செய்த தையல் நூல். உடம்புக்குள் இருக்கும்போது தானே கரைந்துபோகும், பிரிக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் பெருமை. ஈரம் பட்டால் ஊறி, முடிச்சு வழுக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி மூளையோடு யோசித்தோமே தவிர, கல்யாண மண்டபத்தில் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு எவ்வளவு வியர்க்கும் என்பதை யோசிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் போடுகிற மாதிரி வரிசையாக, அழகாக, தனித்தனி முடிச்சாகத் தைத்தேன். டாக்டர் பாராட்டினார்.

6. நேரத்துக்கு முந்திய அட்சதை

தை மாதம். மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. ஹோமப் புகை, ஜனங்களின் மூச்சு, தலைக்கு மேலே கிணுகிணுவென்று சுற்றும் இரண்டே இரண்டு காற்றாடி. அக்கா பட்டுப்புடவையில் பழைய சௌந்தரமாக மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. டாக்டர் முன்வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டு, தன் நோயாளியை நேராகப் பார்க்காமல் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. ஆசீர்வாதத்துக்காகச் சபையில் சுற்றிவிட்டு அப்போதுதான் மேடைக்குத் திரும்பியிருந்தது. ஐயர் மந்திரத்தின் நடுவில் இருந்தார்.

அக்காவின் புடவை ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை இழை இறங்குவதை நான் பார்த்தேன். மெல்லிசாக ஆரம்பித்தது. பிறகு தாராளமாயிற்று. அக்காவின் முகம் சாம்பலாகியது. அவர் மகள் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இதற்காகத்தானே இந்த மனுஷி இத்தனை மாதம் பட்டினி கிடந்து, அரிசி மூட்டையைச் சுமந்து, உயிரையே பணயம் வைத்தார்? சம்பந்தி வீட்டு ஆண்கள் நாலு அடி தூரத்தில் நின்றார்கள். ஒருவர் குனிந்து பார்த்தால் போதும்.

கோமதி அம்மாளும் பார்த்துவிட்டார். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அட்சதை போடுங்க! எல்லாரும் போடுங்க! கெட்டி மேளம்!"

அந்தக் குரலை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை. நம் ஆட்கள் கையில் அட்சதையைக் கொடுத்துவிட்டால் ஒருவர் போட்டால் போதும், மண்டபமே போடும். அரிசி மழையாகக் கொட்டியது. தவில்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், பதறி எழுந்து வெளுத்து வாங்கினார். ஐயர், "இருங்க, இருங்க, இன்னும் வரலை" என்று கையை ஆட்டினார். மாப்பிள்ளைக்கு அம்மாவின் குரல் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். தட்டில் இருந்த தாலியைப் பிடுங்கி, மூன்று முடிச்சையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

கோட்டுப்பையில் கடிகாரம் வைத்திருந்த ஒரு மாமா ஓடி வந்தார். "நல்ல நேரம் இன்னும் பொறக்கலையே!"

"எங்களுக்குப் பொறந்திடுச்சு" என்றார் கோமதி அம்மாள்.

அதற்குள் பையின் கடைசி முடிச்சும் வழுக்கி, அக்காவின் காலடியில் ஒரு சின்ன மேடு எழும்பிவிட்டது. மாமா அதைக் குனிந்து பார்த்தார்.

"என்னா இது, மஞ்சள் தடவாத அட்சதை?"

"எங்க பக்கத்து வழக்கம். பொண்ணோட அம்மா மடியிலேருந்து பச்சரிசி கொட்டணும். பொண்ணு போற வீட்டுல குறைவே வராது" என்றார் கோமதி அம்மாள் அசராமல்.

அது புழுங்கல் அரிசி. மாமா அதையும் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தனக்கு ஒரு வழக்கம் தெரியாது என்று சபையில் ஒத்துக்கொள்ள எந்த மாமாவுக்கு மனசு வரும்? "ஆமாமா, எங்க அத்தை கல்யாணத்துலகூடக் கொட்டினாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பெண்ணின் அம்மா மடியிலிருந்து அரிசி கொட்டுகிறார்கள். சமீபத்தில் ஒரு பேத்தி கல்யாணத்தில் அதற்கென்று வெள்ளிக் கிண்ணம் வந்திருந்தது. ஐயரும் அதற்கு ஒரு மந்திரம் வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

7. இளைய மிஸ்ஸிகளுக்கு

சிங்கப்பூரில் குடலைத் திரும்பச் சேர்த்தார்கள். அக்காவுக்கு முடி வளர்ந்தது. கால் குரக்கு நின்றது. எடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் நாற்பது காத்தி சுமந்து பழகிய காலுக்கு அது பெரிதாகத் தெரியவில்லையாம். டாக்டர் கட்டுரையைக் கிழித்துவிட்டார். கூட்டத்தில் எழுந்து நின்று அரிசிக் கதையைச் சொன்னாராம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்து முடித்த பிறகு ஒரு பெரிய டாக்டர், தன் நோயாளிகளில் நேர்கோட்டுக்காரர்கள் யார் யார் என்று யோசித்தபடி எழுந்து போனாராம். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வார்ட் சிஸ்டரானேன். என் வார்டில் ஒரு சட்டம் இருந்தது. யாரைத் தராசில் ஏற்றினாலும் முதலில் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். அதில் வெளியே வந்த சாமான்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாவிக்கொத்து, வெற்றிலை இடிக்கும் உரல், மருமகள் எடுத்துவிடுவாள் என்று இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளி விளக்கு ஜோடி.

பத்து வருஷம் கழித்து ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று இப்போதும் பெரிய பெரிய மெஷினை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் அவளைத் தனியாக உட்கார வைத்து, "நீ இளைச்சுட்டு வீட்டுக்குப் போனா யாரு என்ன சொல்லுவாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வர நேரமாகும். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். எனக்கு இந்தத் தொழில் கற்றுத் தந்தது அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கண் ஆபரேஷனுக்காக ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்து, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, அகலமாக நடந்து வந்தார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டப்படி இடுப்பைத் தட்டினேன். வயிற்றைத் தட்டினேன். முதுகைத் தட்டினேன். சரசரப்பு இல்லை.

சௌந்தரம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத் தட்டிப் பாரு மிஸ்ஸி. இந்தத் தடவை எல்லாம் என்னோடதுதான்."